இரத்தக் கொதிப்பு மாத்திரை: சில எச்சரிக்கைகள்

இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் பலருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது. தலை சுற்றாது, நெஞ்சு படபடக்காது. அதுதான் இந்த நோயின் வஞ்சகம். ஒன்றும் இல்லையே என்று இருப்பவருக்கு அது முதன்முதலில் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படலாம்.

தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் நம் அன்பர்கள் மாத்திரை அட்டையை நீட்டிச் சந்தேகம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறேன்.

அடிக்கடி வரும் கேள்வி: "இப்போது 120/80 தான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" மழையில் குடை பிடித்துப் போகிறவர், நனையவில்லையே என்று குடையை மடக்குவதில்லை. அந்த 120/80 மாத்திரை தந்தது. அட்டினலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும். இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லிப் படிப்படியாக நடக்க வேண்டும். ஊருக்கு ரயிலேறும்போது மாத்திரையைப் பெட்டிக்குள் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள். ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

அடுத்தது பெயர். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும், மருந்தின் பெயரும் அச்சாகியிருக்கும். நமக்கு வேண்டியது மருந்தின் பெயர்தான். ஒரு பெரியவர், ஊர் டாக்டர் எழுதியதையும் தில்லி டாக்டர் எழுதியதையும் சேர்த்துச் சாப்பிட்டு வந்தார். பெயர்கள் வேறு, உள்ளே இருந்தது இரண்டிலும் டெல்மிசார்டன். எழுந்தால் கண் இருட்டுகிறது என்று வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் கவனியுங்கள். 'ஹெச்' என்றால் பெரும்பாலும் சிறுநீரை அதிகமாக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும், 'ஏஎம்' என்றால் அம்லோடிபினும் கூடச் சேர்ந்திருக்கும். கடைக்காரர் எழுத்து மாற்றிக் கொடுத்தால் மருந்தே மாறிவிடும். ஊரிலிருந்து வந்து நம்மோடு இருக்கும் அம்மா, அப்பாவுக்கு இங்கு அட்டையில் உள்ள இந்தியும் ஆங்கிலமும் புரியாமல் இருக்கலாம். மருந்தின் பெயர், மில்லிகிராம், சாப்பிடும் நேரம் மூன்றையும் தமிழில் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போடாமல், சாப்பிடும்போது அட்டையிலிருந்து எடுங்கள். 'எக்ஸ்எல்', 'ரிடார்ட்' என்று போட்டவை மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

மூட்டுவலிக்கு நாமே வாங்கிப் போடும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் அழுத்தத்தை ஏற்றும். சில கொதிப்பு மருந்துகளோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன், எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு அது உடம்பில் சேர்ந்து இதயத் துடிப்பையே பாதிக்கலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். தில்லி வெயிலில் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டு உடம்பு வற்றினால், அன்றைக்கு மாத்திரை வேண்டுமா என்று உடனே டாக்டரைக் கேளுங்கள். குளிரில் அழுத்தம் சற்று ஏறுவதும் வெயிலில் இறங்குவதும் உண்டு. அதற்காக அளவை நாமே மாற்றக் கூடாது.

எனலாப்ரிலால் வறட்டு இருமலும், அம்லோடிபினால் கால் வீக்கமும் வரலாம். இருமல் மருந்து வாங்கிக் குடிக்காமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். எனலாப்ரிலால் உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எனலாப்ரிலும் டெல்மிசார்டனும் ஆகாது, குழந்தைக்கு ஆபத்து. கல்யாணமான பெண்கள் இதை முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

ஒரு பழைய பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அழுத்தம் ஏறிவிட்டது என்றால் நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் குத்தி நாக்கின் அடியில் விடுவார்கள். அழுத்தம் சடாரென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறையும் என்று 1990-களிலேயே டாக்டர்கள் எச்சரித்தார்கள். இன்னும் சில வீடுகளில் இது நடக்கிறது, வேண்டாம்.

அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி வேண்டாம். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பார்த்து, தேதியோடு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள். வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால், மாத்திரையைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.