சாய்ந்த தாளமும் கணினியின் கட்டமும்

விழாமலருக்கு இசை பற்றி ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பண்ணாராய்ச்சியோ கூத்தாராய்ச்சியோ வருமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியில் தாளம் அமைக்கும் முறையாகும். இதற்குக் காரணம் உண்டு. எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், இசை நாட்டமுள்ள மாணாக்கர் இன்று வீட்டிலேயே ஒரு கணினியையும் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு பாட்டமைக்கின்றனர். கூத்துப் பாடல்களும் அவ்வாறு பதிவாகின்றன. அவற்றிற் சிலவற்றைக் கேட்குமிடத்துக் குரல் நன்றாயிருக்கின்றது, சொல்லும் நன்றாயிருக்கின்றது, தாளம் மட்டும் நொண்டுகின்றது. அந்த நொண்டலின் காரணத்தை ஆராய்வதே நம் நோக்கம்.

மத்தளச் சொற்கட்டு அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. 'தக' என்று ஓரடியை இரு சம பாகமாகச் சொல்லுக. அது நேர்த்தாளம். அடுத்து அதே அடியில் 'தகிட' என்று மூன்றாகச் சொல்லுக. பின்னர் நடுவெழுத்தை வாயாற் சொல்லாது மனத்தில் மட்டும் எண்ணி, 'த - ட, த - ட' என்க. முன்னது நெடிது, பின்னது குறிது. அளவு இரண்டுக்கு ஒன்று. மேலைநாட்டார் ஷஃபிள் என்பது இதுவே. 'தக'வுக்கும் 'த - ட'வுக்கும் இடையிலும், சிலபோது அதனையும் கடந்தும், பின்னெழுத்துச் சாய்ந்து விழுமாயின் அதனைச் சுவிங் என்பர். இவ்விரண்டையும் சாய்தாளம் என ஈண்டு வழங்குவோம்.

இச்சாய்வை எண்ணாக்கிப் பொறியில் வைத்தவர் றோஜர் லின் என்னும் அமெரிக்கர். 1980இல் வெளிவந்த அவருடைய எல்.எம்.-1 என்னும் தாளப்பொறியில், ஒவ்வோர் இணையிலும் இரண்டாம் அடியைச் சிறிது பிந்தச் செய்யும் வசதி இருந்தது. இணையின் முழுக்காலத்தை 100 எனக் கொண்டால், இரண்டாம் அடி 50இல் விழுதல் நேர்த்தாளம். ஏறக்குறைய 66இல் விழுதல் 'த - ட'. 1988இல் அவர் அக்காய் நிறுவனத்துக்கு அமைத்துக் கொடுத்த எம்.பி.சி.60 வழியாக இம்முறை எங்கும் பரவிற்று. மென்பொருள்களிற் சில 50இலிருந்து எண்ணுகின்றன. வேறு சில 0இலிருந்து எண்ணுகின்றன. ஆதலின் நண்பர் ஒருவர் தம் மென்பொருளில் 60 வைத்தார் என்று கேட்டு நாமும் 60 வைத்தல் பயன்தராது.

சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளியான யாழ்நூலில் சுர இடைவெளிகளை எண்விகிதங்களாகக் கணித்துக் காட்டினார். அந்நூலைப் பயின்ற நம் மண்ணில் விகிதம் என்ற சொல்லுக்கு அஞ்சுவார் இலர் என நம்புகிறோம். சுர விகிதம் மேற்றாயியிலும் மாறாது. சாய்வின் விகிதமோ வேகத்துடன் மாறும். தாளம் நொண்டுவதற்குக் காரணம் இவ்வேறுபாட்டை அறியாமையே.

கணக்கைப் பார்ப்போம். மாணாக்கர் 'ரெம்போ' என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்னும் எண். ரெம்போ 90 ஆயின் ஓரடிக்கு 667 மில்லிசெக்கன். அதனை 'த - ட' எனப் பகுத்தால் நெடிலுக்கு 444, குறிலுக்கு 222. ரெம்போவை 200 ஆக்கினால் அடி 300 மில்லிசெக்கனாகச் சுருங்கும். குறில் 100 ஆகும். 240 ஆக்கினால் குறில் 83 ஆகும். கணினிக்கு இதில் யாதொரு வருத்தமும் இல்லை. கைக்கு வருத்தம் உண்டு. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரிபேர்க், சுண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் ஜாஸ் ஒலிப்பதிவுகளை அளந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: நடுத்தர வேகத்திலும் விரைந்த வேகத்திலும் குறில் ஏறத்தாழ 100 மில்லிசெக்கனிலேயே நிற்கின்றது, நெடிலே சுருங்குகின்றது. மெதுவான ஆட்டத்தில் மூன்றரைக்கு ஒன்று வரை சாய்ந்த தாளம், மிக விரைந்த ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்றாகி நேராகிவிடுகின்றது. குறிலை 100 என வைத்துக் கணித்தால், ரெம்போ 150இல் சாய்வு 75, 200இல் 67, 240இல் 60, 300இல் 50. எனவே 66 என்னும் புகழ்பெற்ற எண் எல்லா வேகத்துக்கும் உரியதன்று. இவ்வெண்கள் ஜாஸ் கைத்தாளத்துக்கு உரியன. நம் மத்தளத்துக்கு அப்படியே பொருந்துமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வேகம் ஏறச் சாய்வு நிமிரும் என்னும் நெறியை எந்தக் கைக்கும் எதிர்பார்க்கலாம்.

ஆயத்தமாகப் பதிந்து விற்கப்படும் தாளத்துண்டுகளை, அஃதாவது லூப்புகளை, எடுத்தாள்வோர் முதலில் அதன் சொந்த வேகத்தை அறிதல் வேண்டும். அடிகளின் தொகையை 60ஆற் பெருக்கிச் செக்கன்களால் வகுத்தாற் போதும்: 16 அடி 10 செக்கன் ஓடினால் ரெம்போ 96. அத்துண்டைத் தம் பணிக்கோப்பின் வேகத்துக்கு இழுத்தால் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நீட்டும், அல்லது குறுக்கும். 90இல் வாசித்ததை 130க்குக் கொண்டுபோனால், 130இல் ஒருவர் வாசிப்பது போலன்றி, 90இல் வாசித்தவரைத் துரத்துவது போல ஒலிக்கும். பத்துப் பன்னிரண்டு எண் ஏற இறங்கக் காது பொறுக்கும். அதற்கு மேல், துண்டை அடியடியாக வெட்டி, சாய்ந்த அடிகளைப் புதிய வேகத்துக்கேற்ப நாமே நகர்த்தி வைத்தல் நன்று.

இரு மயக்கங்கள் உண்டு. 90 ரெம்போவில் அடியை நான்காகப் பகுத்துச் சாய்ப்பதும், 180இல் இரண்டாகப் பகுத்துச் சாய்ப்பதும் காதுக்கு ஒன்றே. பணிக்கோப்பு 180 என்றும் சாய்வு காற்பகுப்பில் என்றும் இருந்தால் சாய்வு கேளாமலே போகும்.

மற்றைய மயக்கம் நம்மூருக்கே உரியது. போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிற் கோட்டை கட்டி, 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்களுடைய கோட்டை கைமாறிற்று. அவர்வழிப் பறங்கியர் இல்லங்களிற் கப்ரிஞ்ஞா ஆட்டமும் அதன் ஆறெட்டுத் தாளமும் நின்றுவிட்டன. பைலாவும் அந்தக் குடும்பத்ததே, ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற சுராங்கனி அதற்குச் சான்று. ஆறெட்டில் ஓரடிக்கு மூன்று கூறு. அடி 120 ஆனால், கூறுகளை இரண்டிரண்டாக எண்ணும் கணினி 180 என்று காட்டக்கூடும். அதனை நம்பி 120 பணிக்கோப்பில் வைத்தால் பைலா மூன்றில் இரண்டு வேகத்தில் ஊர்வலம் போகும். வேகத்தை 120 எனக் கையால் எழுதி, கட்டத்தை மும்மைப் பகுப்பில் வைத்தால் ஒழுங்காகும். அங்கே சுவிங் திருகியைத் தொடவே வேண்டியதில்லை. சாய்வு தாளத்திலேயே இருக்கின்றது.

கூத்துக்கு வருவோம். சில ஆண்டுகளின் முன் ஒரு விழாவுக்காக வடமோடி வரவு ஒன்றைப் பதிவுசெய்தோம். முதிய அண்ணாவியார் ஒருவர் நம் சிறிய அறையில் அமர்ந்து மத்தளம் வாசித்தார். அவர் போனபின் ஒவ்வோர் அடியையும் கணினியின் கட்டத்துக்கு இழுத்துப் பொருத்தி, தொடக்கம் முதல் தீர்மானம் வரை ஒரே ரெம்போவாக்கி, 66 சாய்வும் வைத்தோம். திரையில் அது வெகு அழகாக இருந்தது. ஒத்திகையில் ஆடிய பிள்ளைகளின் மிதி அதற்கு விழவில்லை. பிழை பிள்ளைகளுடையதென்றே முதலில் எண்ணினோம். அண்ணாவியாரை அழைத்துக் கேட்பித்தோம். அவர் ஒன்றும் சொல்லாது மத்தளத்தை வாங்கி மடியில் வைத்து வாசித்தார், பிள்ளைகள் ஆடினர். வரவு ஏற ஏற அவர் கை விரைந்தது, சாய்வும் மெல்ல நிமிர்ந்தது. நாம் அழித்தது அதனையே. முதற் பதிவைத் தனியே வைக்கவுமில்லை. திருத்தியதன் மேலேயே சேமித்துவிட்டோம். அவர் இன்று இல்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடைக்கெனச் சுருக்கியபோதும் மத்தளம் மனிதக் கையிலேயே இருந்தது. காலம் சுருங்கினும் கையின் கணக்கு ஆட்டத்தோடு சென்றது.

நாம் செய்திருக்க வேண்டியது இதன் மறுதலை. வாசித்தவரைக் கட்டத்துக்கு இழாது, கட்டத்தை வாசித்தவரிடம் கொண்டுபோதல். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலனவற்றில் இதற்கு வழியுண்டு. மத்தளத்தை எந்தக் கட்டமுமின்றிப் பதிக. மூலக்கோப்பைப் படியெடுத்து வேறொரு தட்டில் வைக்க. பின்னர் ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் முதலடியிலும் ஒரு குறியிட்டு, அக்குறிக்கு ரெம்போவை மாறச் செய்க. வரவு 90இல் தொடங்கி 130இல் முடியுமாயின் பணிக்கோப்பும் 90இல் தொடங்கி 130இல் முடியும். பின்பு சேர்க்கும் ஆர்மோனியமும் சல்லரியும் அதனோடு செல்லும். மத்தளத்தின் சாய்வை அச்சாக எடுத்து மற்றக் கருவிகளுக்கு இடும் வசதியும் உண்டு. அவ்வச்சைத் தொடக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, தீர்மானத்திலிருந்து ஒன்று என மூன்றாக எடுத்து அவ்வவ்விடத்தில் இடுக. முழுப் பாட்டுக்கும் ஒன்றையே இட்டால் 90இன் சாய்வு 130இலும் வந்து நிற்கும். ஐந்து நிமிட வரவுக்குக் குறியிட ஒரு மாலைப்பொழுது பிடிக்கும்.