நாணயம் பழைய கணக்கை நேர்செய்வதில்லை

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எத்தனை முறை தலை விழும் என்று கேட்டுப் பாருங்கள். "அஞ்சு" என்று வகுப்பே சொல்லும். ஆளுக்கொரு நாணயம் கொடுத்துச் சுண்டவிட்டால், ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்குத்தான் சரியாக ஐந்து வரும். மற்றவர்களுக்கு நான்கு, ஆறு, ஏழு. யாருக்காவது எட்டுகூட வரும். பத்துச் சுண்டலில் பூவும் தலையுமாக வரக்கூடிய வரிசைகள் 1,024. அவற்றில் ஐந்து தலை கொண்டவை 252 மட்டுமே.

இந்த முதல் ஏமாற்றம்தான் பாடத்தின் வாசல். கரும்பலகையில் 1/2 என்று எழுதிவிட்டுக் கணக்குப் போடச் சொன்னால், அந்த வாசலை மூடிவிட்டுச் சுவரில் ஏறச் சொல்கிறோம். தரவுகளைக் கையாள்வது ஒரு பாடம், நிகழ்தகவு இன்னொரு பாடம் என்று பிரித்து நடத்துவதும் சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றை எண்ணாமல் இன்னொன்று புரியாது.

இதற்கு நான் அறிந்த மிக அழகான சான்று, ஒரு காவல் முகாமில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்த ஜான் கெர்ரிக், 1940 ஏப்ரலில் டென்மார்க்கில் மனைவி வீட்டாரைப் பார்க்கப் போயிருந்தார். அந்நேரம் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் அவரை முகாமில் அடைத்தார்கள். அங்கே அவர் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி, ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார்.

முதல் 10 சுண்டலில் 4 தலை. 100 முடிந்தபோது 44. ஆயிரத்தில் 502. பத்தாயிரத்தில் 5,067. இந்த நான்கு எண்களையும் பிள்ளைகள் முன் வைத்துவிட்டு, ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம். பாதியிலிருந்து எத்தனை விலகியிருக்கிறது என்று அவர்களே கழித்துப் பார்க்கட்டும்: 1, 6, 2, 67. விலகல் குறையவில்லை, கடைசியில் கூடியிருக்கிறது! ஆனால் விகிதமோ 0.4, 0.44, 0.502, 0.5067 என்று பாதியருகே வந்து நிற்கிறது.

இரண்டும் எப்படி ஒரேசமயத்தில் நடக்கும்? "தொடர்ந்து அஞ்சு தலை விழுந்தாச்சு, இனிமே பூ வந்தே ஆகணும் சார்" என்று சொல்லும் பிள்ளைக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நாணயத்துக்கு நினைவு கிடையாது. முன்பு கூடுதலாக விழுந்த தலைகளுக்கு ஈடாக அது பூக்களைத் தருவதில்லை. பத்தாயிரத்துக்கு முன்னால் 67 மிகச் சிறியது, அவ்வளவுதான். பழைய விலகல் ஈடுகட்டப்படுவதில்லை, புதிய எண்ணிக்கையில் கரைந்துபோகிறது. பெரியவர்களிலும் பலர் கடைசிவரை கண்டுகொள்ளாத இந்த வேறுபாட்டை, பன்னிரண்டு வயதில் கழித்தலும் வகுத்தலும் கொண்டே பிடித்துவிடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. பாதி வகுப்பு வீட்டில் நூறு முறை சுண்டி எழுதிவரட்டும். மீதிப் பேர் சுண்டாமலே கற்பனையாக நூறு எழுதிவரட்டும். எது யாருடையது என்று ஆசிரியர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். உண்மையான நூறு சுண்டலில், ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ விழுவது பத்துக்கு எட்டு முறை நடக்கும். கற்பனையில் எழுதும் கை, ஆறு தலையை அடுத்தடுத்து எழுதக் கூசும்.

நாணயத்துக்கு இரு பக்கமும் ஒரே வாய்ப்பு என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாத பொருளையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். கெர்ரிக்கே முகாமில், ஒரு முகத்தில் ஈயம் பூசிய மரவில்லையையும் சுண்டிப் பார்த்தார். நமக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கத்தைக் கல்தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்த கொட்டை: ஒரு முகம் தட்டை, மறுமுகம் கறுத்து உப்பியது. இதில் வெள்ளை விழும் நிகழ்தகவு என்ன? எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. தேய்த்த அளவைப் பொறுத்து கொட்டைக்குக் கொட்டை மாறும்.

ஒரேயளவு தேய்த்த நான்கு கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை என்று நேர்க்கோட்டுக் குறியிட்டு, பட்டை விளக்கப்படம் வரையட்டும். இரு முகத்துக்கும் சமவாய்ப்பு இருந்தால், சுழியம் முதல் நான்கு வரை வெள்ளை வருவதற்கான வழிகள் 1, 4, 6, 4, 1, மொத்தம் பதினாறு. இரண்டுக்கு ஆறு வழி எப்படி வந்தது என்பதைக் கொட்டைகளுக்கு எண்ணிட்டுத் தேடினால் அவர்களே எழுதிவிடுவார்கள். படத்தின் பட்டைகள் இந்த அமைப்பிலிருந்து தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தக் கொட்டைகளின் குணத்தை அளந்துவிட்டார்கள் என்று பொருள். இதுதான் பட்டறி நிகழ்தகவு.

அப்போது எழ வேண்டிய கேள்வி, எத்தனை முறை போட்டால் போதும் என்பது. ஒரே கொட்டைகளைக் குழு மாற்றிக் குழு 25 முறை போட்டால், வெள்ளையின் விகிதம் குழுவுக்குக் குழு நன்றாகவே வேறுபடும். நான்கு நான்கு குழுக்களின் எண்ணிக்கையைச் சேர்த்து நூறு நூறாக்கி மறுபடி வகுத்துப் பார்த்தால், அந்தச் சிதறல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருக்கும். இன்னொரு பாதி குறைய வேண்டுமென்றால் நானூறு முறை போட வேண்டும்.