கடனுக்கு முன் ஒரு கடிதம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் காலம் நெருங்கும்போது, திருவனந்தபுரத்தின் வங்கிக் கிளைகளில் கல்விக் கடன் பற்றிய விசாரணைகளும் கூடுகின்றன. கரமனையிலிருந்தும் சாலை கடைத்தெருவிலிருந்தும், எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்திலிருந்தும் பெற்றோர் வருகின்றனர். எவ்வளவு கடன் கிடைக்கும், வட்டி எவ்வளவு, எதை ஈடாக வைக்க வேண்டும் என்பவை அவர்களுடைய கேள்விகள். மூன்றும் நியாயமானவை. ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னதாக விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் படிப்பு எதற்காக?

அந்தக் கேள்விக்கு மாணவர் தம் கைப்பட எழுதும் விடையே நோக்கக் கடிதம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இதை ‘மோட்டிவேஷன் லெட்டர்’ என்கின்றன. அமெரிக்காவில் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்’, பிரிட்டனில் ‘பெர்சனல் ஸ்டேட்மென்ட்’. பெயரும் அளவும் மாறினாலும் பணி ஒன்றுதான்: மதிப்பெண் பட்டியல் சொல்லாததைச் சொல்வது.

ஒரு கடிதத்தின் மதிப்பு

இதை வெறும் சடங்காகக் கருதுவோர் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் தொடங்கிய ‘எராஸ்மஸ் முண்டஸ்’ திட்டத்தில், உதவித்தொகை பெறும் முதுகலை மாணவருக்கு மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதங்கள் வரை வழங்கப்படுகிறது. இரண்டாண்டுப் படிப்புக்கு இது 33,600 யூரோ. நம் பணத்தில் 30 இலட்சம் ரூபாய்க்கு மேல். ஒத்த மதிப்பெண் பெற்ற பலர் போட்டியிடும்போது, அவர்களைப் பிரித்தறியத் தேர்வுக் குழு நாடும் ஆவணங்களில் நோக்கக் கடிதம் முதன்மையானது. நன்கு எழுதப்பட்ட இரண்டு பக்கங்கள், ஒரு குடும்பத்தைப் பெருங்கடனிலிருந்தே காக்கக்கூடும்.

குழுவினர் எதைத் தேடுகின்றனர் என்பதில் மறைபொருள் எதுவும் இல்லை. பிரிட்டனின் இளங்கலைச் சேர்க்கையைக் கையாளும் ‘யூகாஸ்’ அமைப்பு, 2026 சேர்க்கையிலிருந்து பழைய கட்டுரை வடிவத்தைக் கைவிட்டு மூன்று கேள்விகளை வைத்துள்ளது. இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள்? இதுவரை படித்தவை உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தின? கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள்? முதுகலைக்கு விண்ணப்பிப்போரும் இம்மூன்றுடன், படித்து முடித்தபின் என்ன செய்யப் போகிறீர்கள் என்னும் நான்காவதைச் சேர்த்துக்கொண்டால் கடிதத்தின் எலும்புக்கூடு ஆயத்தமாகிவிடும்.

234 பேருக்கு ஒரே நிகழ்ச்சி

இதே யூகாஸ் அமைப்பு 2007-இல் 50,000 விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுச் செய்கையில் இரவு உடையில் தீப்பட்டு ஓட்டை விழுந்ததாகவும், அன்றே அறிவியல் ஆர்வம் பிறந்ததாகவும் 234 பேர் எழுதியிருந்தனர். இணையத்தில் கிடைத்த மாதிரி ஒன்றை அத்தனை பேரும் எடுத்தாண்டிருந்தனர்.

இன்று ஆயத்தக் கடிதங்களை விலைக்குத் தருவோரும் உண்டு; நொடியில் எழுதித் தரும் செயலிகளும் உண்டு. கடன் வாங்கிய சொற்களுக்குரிய ஆபத்து மட்டும் மாறவில்லை. ‘சிறு வயது முதலே தீராத ஆர்வம்’, ‘உலகப் புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகம்’, ‘நாட்டுக்குச் சேவை செய்வதே என் கனவு’ என்பன போன்ற தொடர்கள் பிழையானவை அல்ல. ஆனால் யாருடைய கடிதத்திலும் பொருந்துபவை. எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும், ‘இதை வேறொருவர் எழுதியிருக்க முடியுமா?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முடியும் என்றால் அதை நீக்கிவிடலாம்.

வலியதுறையிலிருந்து டெல்ஃப்ட் வரை

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். வலியதுறையைச் சேர்ந்த ஒரு மாணவி, திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் முடித்தவர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடற்கரைப் பொறியியல் படிக்க விரும்புகிறார். ‘கடல் என்றால் எனக்கு உயிர்’ என்று அவர் தொடங்கினால் யாரும் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை.

மாறாக, தாம் கண்டதிலிருந்து அவர் தொடங்கட்டும். சங்குமுகத்தில் கடற்கரைச் சாலையையே அலைகள் அரித்தன. வலியதுறையில் கரையோர வீடுகள் கடலுக்கு இரையாயின. இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்தில் அந்தக் கரையின் பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை அவர் ஒப்பிட்டிருந்தால், எந்தப் பகுதி எவ்வளவு பின்வாங்கியது என்பதைக் கணக்கோடு சொல்லட்டும். அடுத்து, எங்கே தடுமாறினார் என்பதையும் சொல்லட்டும்: கரை நகர்ந்ததை அளக்க முடிந்தது, மணல் எங்கே செல்கிறது என்பதைக் கணிக்கும் முறை தெரியவில்லை. அந்த இடைவெளியே அவருடைய நோக்கம்.

இனி, ஏன் அங்கே என்ற கேள்வி. கடலுக்கு எதிராகக் கல்லை அடுக்குவதற்குப் பதிலாக, 2011-இல் நெதர்லாந்துக் கடற்கரையில் ஏறத்தாழ 2.15 கோடி கன மீட்டர் மணலை ஓரிடத்தில் குவித்து, அதைக் காற்றும் அலையும் கரை நெடுகப் பரப்புமாறு விட்டனர். ‘மணல் இயந்திரம்’ என அறியப்படும் இம்முயற்சி நம் கரைக்குப் பொருந்துமா, நம் பருவமழைக் கால அலைகளில் நிற்குமா என்று அம்மாணவி கேட்டால், அதைக் கற்க டெல்ஃப்ட் ஏன் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து பணியாற்றக்கூடிய இடமும் அருகிலேயே உள்ளது: ஆக்குளத்தில் இயங்கும் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம்.

இங்கே பாராட்டுரை இல்லை, தன்னிரக்கமும் இல்லை. குடும்பத்தின் வறுமையைச் சொல்ல வேண்டுமானால் அதற்கென விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கும். ஒரு பாடத்தில் தோல்வியோ படிப்பில் இடைவெளியோ இருந்தால், காரணத்தையும் பின்னர் ஈடுசெய்ததையும் இரண்டு வரிகளில் சொல்லிக் கடந்துவிடலாம்.

அன்னா மணி காட்டிய வழி

கற்கச் செல்வதையும் திரும்பி வந்து செய்வதையும் இணைத்தவர்களுள் அன்னா மணி குறிப்பிடத்தக்கவர். 1918-இல் பீர்மேட்டில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் ஆய்வு செய்தார். மேற்கொண்டு இயற்பியல் பயிலவே விரும்பினார். 1945-இல் அவருக்குக் கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்கானது. அதை ஏற்று இங்கிலாந்து சென்றார்.

1948-இல் தாயகம் திரும்பி வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிருந்த துறைக்காக, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே உருவாக்க வழி செய்தார். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஏவுதளத்திலும் வானிலை ஆய்வு நிலையம் அமைத்தார். 2001-இல் இதே நகரில் காலமானார். ஆர்வம் மட்டும் ஒருவரை அவ்வளவு தொலைவு கொண்டுசெல்வதில்லை. கற்றதைப் பொருத்துவதற்கு ஓர் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வங்கியும் அதையே கேட்கிறது

கல்விக் கடன் பரிசீலனையில் வங்கி பார்ப்பதும் ஏறத்தாழ இதுவே: என்ன படிப்பு, அதன்பின் என்ன வேலை, எவ்வாறு திரும்பச் செலுத்துவீர்கள்? வெளிநாட்டுக் கல்விக்கு 4 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனில், செலவின் 15 விழுக்காட்டைப் பொதுவாகக் குடும்பமே ஏற்க வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணைக்கு விலக்கு உண்டு. வட்டிக்கு விலக்கு இல்லை, அது சேர்ந்துகொண்டே இருக்கும். பெற்றோர் இணைக் கடனாளிகள். பிள்ளையின் நோக்கம் தெளிவற்றதாக இருந்தால், அந்தத் தெளிவின்மையின் விலையை ஓய்வூதியமோ வீட்டுப் பத்திரமோ கொடுக்க நேரிடும்.

ஆதலால் நாம் சொல்வது இதுதான்: கடன் விண்ணப்பத்துக்கு முன் கடிதம் எழுதப்படட்டும். கடைசி நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். தாய்மொழியில் சொல்லும்போது இரவல் தொடர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். துறை அறிந்த ஆசிரியர் ஒருவரும், துறை அறியாத உறவினர் ஒருவரும் அதைப் படிக்கட்டும். பெற்றோரும் கட்டாயம் படிக்க வேண்டும்; அவர்கள் கையெழுத்திடப் போகும் கடனின் காரணம் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது வரைவிலும் ‘ஏன்’ என்பதற்கு விடை வரவில்லையா? அது தோல்வியன்று. ஓராண்டு வேலை பார்த்துவிட்டு எழுதலாம். வேறு படிப்பை நாடலாம். இன்னும் முடிவெடுக்கவில்லை என்று இரண்டு தாள்களில் தெரிந்துகொள்வது, அதையே இருபது இலட்சம் ரூபாய்க் கடனில் தெரிந்துகொள்வதை விட மேலானது.