கைப்பிடி இறங்கினால் மூன்று ஃபேஸும் இறங்குமா?

மழைக்கு முன்பு பட்டறையின் மின் பலகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருந்தோம். படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பக்கமிருந்து கடிதங்கள் வந்தன. எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள்? மெயினை இறக்கினால் எல்லாம் இறங்கிவிடும்தானே? மூன்று எம்.சி.பி.யை ஒன்றாகக் கட்டினால் அது த்ரீ போல் ஆகிவிடாதா? வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குவது வழக்கம். அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஃபேஸ் என்றால் என்ன, நியூட்ரல் என்றால் என்ன என்ற பாடத்துக்குள் நான் போகவில்லை. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையை ஒட்டி லேத்தும் பிரஸ்ஸும் வெல்டிங் செட்டும் வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது, பல சுவிட்சுகளைக் கோத்து ஒரே கைப்பிடிக்குள் அடக்கும் தண்டு, கவ்வி, கொக்கி சமாச்சாரம். எத்தனை ஆம்பியர், என்ன பிராண்டு, என்ன விலை என்று விசாரித்து சுவிட்ச் வாங்குகிறவர்களில் இதை விசாரிப்பவரை நான் பார்த்ததில்லை.

கைப்பிடி கீழே இருந்தால் மூன்று ஃபேஸும் போய்விட்டதாகத்தானே பொருள்?

இல்லை. இந்த ஒரு கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் எழுதப் போகிறேன்.

முதலில் தெருவுக்கு வாருங்கள். டிரான்ஸ்பார்மர் நிற்கும் இரட்டைக் கம்பத்தின் உச்சியில் ஏ.பி. சுவிட்ச் இருக்கும். 11,000 அல்லது 22,000 வோல்ட் ஓடும் மூன்று கம்பிக்கும் தனித்தனிப் பீங்கான், தனித்தனி பிளேடு. மூன்று பிளேடையும் ஒரு படுக்கைக் குழாய் இணைக்கிறது. அதிலிருந்து இன்னொரு குழாய் கம்பத்தை ஒட்டிக் கீழே வந்து, பூட்டுப் போட்ட கைப்பிடியில் முடிகிறது. கைப்பிடியை இயக்கினால் குழாய் நகரும், படுக்கைக் குழாய் திரும்பும், மூன்று பிளேடும் சேர்ந்து விலகும். புத்தக விளக்கம் இவ்வளவுதான். மூன்றும் சேர்ந்து விலகும் என்ற கடைசிப் பகுதியை நான் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பிளேடின் இயங்கு பகுதியும் அந்தப் படுக்கைக் குழாயைக் கவ்வியாலும் போல்ட்டாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வருடக்கணக்கில் வெயில், மழை, துரு. ஒரு கவ்வி தளர்ந்தால் குழாய் அதற்குள் வழுக்கித் திரும்பும். அந்த ஃபேஸின் பிளேடு இருந்த இடத்தில் இருக்கும். பிளேடு போய் உட்காரும் தாடை சூடேறி உருகி ஒட்டிக்கொண்டு, அதோடு கவ்வியும் பிடி விட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு ஃபேஸ் திறக்கும், ஒன்று திறக்காது. கீழே நின்று இயக்கியவருக்கு இது எப்படித் தெரியும்? கைப்பிடி வழக்கம்போலத்தான் இறங்கியது. தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒருவர் இழுக்காமல் கையை மட்டும் வைத்திருந்தாலும் தேர் நகர்ந்துவிடும். இழுக்காதவர் யார் என்று மற்றவர்கள் கைக்குத் தெரியாது.

லைன்மேன்களுக்கான பாதுகாப்பு நடைமுறை இதனால்தான் கைப்பிடியோடு நிற்பதில்லை. மூன்று பிளேடும் விலகியதைக் கண்ணால் பார்க்க வேண்டும், கைப்பிடியைப் பூட்ட வேண்டும், மின்சாரம் இல்லை என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும், எர்த் ராடு மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பியில் கை வைக்கலாம். இவ்வளவு படிகளை எழுதி வைத்தவர்கள் அந்தக் குழாயை முழுதாக நம்பவில்லை என்பது தெளிவு. நம்பியிருந்தால் பூட்டோடு விட்டிருப்பார்கள். ஆனால் இரவு நேரத்தில், கொட்டுகிற மழையில், ஊரே போன் செய்து எப்போது கரன்ட் வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த உயரத்தில் மூன்றாவது பிளேடு திறந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஒருவருக்கு அவகாசம் கிடைக்குமா? பருவமழைக்கு முந்தைய பராமரிப்பு முடிந்துவிட்டதாக ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. கிளை வெட்டிய கணக்கும் கம்பம் மாற்றிய கணக்கும் இருக்கட்டும். எத்தனை ஏ.பி. சுவிட்சை இயக்கி, மூன்று பிளேடும் விலகியதைப் பார்த்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த அறிவிப்பை மரியாதையோடு படிப்பேன்.

இப்போது பட்டறைக்குள் வருவோம். பலகையில் ஐசொலேட்டர் என்று ஒன்று இருக்கும். அதற்கான தர விதி ஐ.எஸ்./ஐ.இ.சி. 60947 வரிசையில் வருகிறது. தர விதிகளைப் படிப்பது பொதுவாகத் தூக்கம் வரவழைக்கும் வேலை. ஆனால் இதில் ஒரு சோதனை இருக்கிறது, படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். சுவிட்சின் ஒரு துருவத்தை மட்டும், தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டதுபோல, மூடிய நிலையிலேயே அசையாமல் கட்டிவிடுகிறார்கள். பிறகு கைப்பிடியை ஆஃப் பக்கம் தள்ளுகிறார்கள். சாதாரணமாகத் தேவைப்படும் விசையைப் போல மூன்று மடங்கு விசை, பத்து நொடி. அவ்வளவு தள்ளியும் கைப்பிடி ஆஃப் என்று காட்டக் கூடாது. ஆஃப் நிலையில் போடும் பூட்டும் உள்ளே போகக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். நாம் கேட்பது திறக்கிற சுவிட்ச். தர விதி கேட்பதோ, திறக்க முடியாதபோது முரண்டு பிடிக்கிற சுவிட்ச். ஒரு துருவம் மாட்டிக்கொண்டால் அந்த முரண்டு தண்டு வழியே திரும்பி வந்து, பிடித்திருப்பவரின் கையில் உறைக்க வேண்டும். கையின் கட்டளையைத் தொடுமுனைக்குக் கொண்டுபோவது இணைப்புத் தண்டின் பாதி வேலை. தொடுமுனையின் நிலைமையைக் கைக்குத் திருப்பிச் சொல்வது மறு பாதி. கவ்வி தளர்ந்த ஏ.பி. சுவிட்ச் முதல் பாதியைப் பார்ப்பதுபோல் நடித்து, இரண்டாவது பாதியைக் கைவிட்டுவிடுகிறது. ஆபத்தெல்லாம் அதில் இருக்கிறது.

நீங்கள் வாங்கும் சுவிட்ச் இந்த வகைதானா என்று அறிய, அதன் முகப்பில் அச்சிட்ட குறியீட்டைப் பாருங்கள். சாய்ந்த சுவிட்ச் கோடு போய்த் தொட வேண்டிய முனையில் சிறிய குறுக்குக்கோடு ஒன்று இருந்தால், துண்டிப்புக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் உறுதி சொல்கிறார். அந்த உறுதியையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் தேறியது புத்தம்புது மாதிரி. உங்கள் பலகையில் இருப்பது பல வருடமாகக் கிரைண்டிங் தூசி தின்றது. கைப்பிடியை இறக்கிப் பூட்டிய பிறகும் மூன்று ஃபேஸிலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். மீட்டரையும் முதலில் கரன்ட் இருக்கிற இடத்தில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று சிங்கிள் போல் எம்.சி.பி.யின் கைப்பிடிகளில் கம்பி கோத்தால் போதாதா?

போதாது. எம்.சி.பி.க்குள் கைப்பிடி வேறு, டிரிப் ஆகும் பொறி வேறு. கைப்பிடியை நீங்கள் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாலும், ஷார்ட் ஆனால் உள்ளே தொடுமுனை விலகியே தீரும். உங்கள் நல்லதுக்குத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கம்பி கோத்தவருக்கு அதுவே வினையாகிறது. நடுவில் இருக்கும் எம்.சி.பி. டிரிப் ஆகும்போது, பக்கத்தில் இருக்கும் இரண்டும் அதன் கைப்பிடியை இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் மேலே இருக்கும். உள்ளே ஒரு ஃபேஸ் இல்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் முனகிக்கொண்டே ஓடும், மீதி இரண்டு ஃபேஸில் ஏறத்தாழ 1.7 மடங்கு கரன்ட் இழுக்கும், காயில் கருகும்.

கம்பெனியிலிருந்து த்ரீ போலாகவே வரும் எம்.சி.பி.யில் கைப்பிடிகளைச் சேர்க்கும் பட்டை வெறும் வெளித்தோற்றம். உள்ளே மூன்று அறைகளையும் ஊடுருவிச் செல்லும் டிரிப் இணைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு துருவம் டிரிப் ஆனால் அது மற்ற இரண்டின் கொக்கியையும் தட்டிவிடும். அதை நீங்கள் வெளியே கம்பி கோத்துச் செய்ய முடியாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் மோட்டார் ரீவைண்டிங்குக்குக் கொடுப்பவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பியூஸிலும் இதே தொல்லை உண்டு. ஒன்று போனால் மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். அதற்காகவே சிலவகை எச்.ஆர்.சி. பியூஸ்களில் ஸ்ட்ரைக்கர் பின் வைக்கிறார்கள். பியூஸ் உருகியதும் அந்த ஊசி வெளியே பாய்ந்து சுவிட்சின் டிரிப் தண்டை அடிக்கும். மூன்றும் சேர்ந்து திறக்கும். அதற்கேற்ற சுவிட்சில் போட்டால்தான் பயன்.

நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டுமா?

நியூட்ரலுக்குத் தனி சுவிட்ச், தனி பியூஸ் கூடாது. போட்டால், ஃபேஸ்களோடு ஒரே நேரத்தில் இயங்கும் இணைப்பு சுவிட்சாகத்தான் போட வேண்டும். இது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 32ஆவது விதியாக இருந்தது. 2010இல் வந்த ஒழுங்குமுறைகளும் இதையே சொல்லின. ஒரே நேரத்தில் என்று சட்டம் எழுதியவர்களைவிடச் சுவிட்ச் செய்பவர்கள் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஃபோர் போல் சுவிட்சில் நியூட்ரல் மற்ற மூன்றுக்கும் முன்னால் விலகவும் கூடாது, பின்னால் சேரவும் கூடாது என்பது தர விதி. ஆகவே பல தயாரிப்பாளர்கள் நியூட்ரலை வேண்டுமென்றே கடுகளவு முன்னால் சேரவும் கடுகளவு தாமதமாக விலகவும் விடுகிறார்கள். நியூட்ரல் முந்திக்கொண்டு போனால், குறைந்த சுமையுள்ள ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கும். ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டரும் ஏ.சி.யும் ஒன்றாகப் போனவர்களுக்கு இது புரியும்.

ஜெனரேட்டருக்குத் தனி சுவிட்ச், இ.பி.க்குத் தனி சுவிட்ச். கவனமாக இருந்தால் ஆகாதா?

கவனம் என்பது பகலில் இருக்கும். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னைப் புறநகர் இருண்டு கிடந்தபோது எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ‘முதலில் இ.பி.யை இறக்கு, பிறகு ஜெனரேட்டரை ஏற்று’ என்று பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. ஒருமுறை மறந்தால் உங்கள் ஜெனரேட்டர் மின்சாரம் தெருவுக்குப் போகும், டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழையும். 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கும் அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாகக் கொடுத்தால் ஏறத்தாழ 25 மடங்கு ஏற்றும். லைன் செத்துவிட்டது என்று மேலே வேலை செய்பவர் கையில் பத்தாயிரம் வோல்ட். சுமை தாங்காமல் ஜெனரேட்டரே நின்றுவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். நிற்பதற்குள் ஆகிவிடும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இதை ஞாபகசக்தியிடம் விடுவதில்லை. ஒரு வகையில் இரண்டு ஃபோர் போல் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஊடுருவி ஒரே தண்டு. இ.பி. அடுக்கு மூடும் கோணத்தில் ஜெனரேட்டர் அடுக்கு திறந்தே இருக்கும்படி தண்டின் அமைப்பு. நடுவில் இரண்டும் திறந்த நிலை. இரண்டும் ஒருசேர மூடும் கோணம் அந்தத் தண்டில் கிடையவே கிடையாது. தனித்தனி பிரேக்கர்கள்தான் இருக்கின்றன என்றால், ஒன்றின் கைப்பிடி மற்றதைத் தடுக்கும் இன்டர்லாக் பட்டையோ, இரண்டுக்கும் ஒரே சாவி உள்ள பூட்டோ போட்டுக்கொள்ளலாம்.

தானியங்கி சேஞ்ச் ஓவர் வைத்திருக்கிறோமே?

கான்டாக்டர்களுக்கு நடுவே வயரிங் தடுப்பு மட்டும் போதாது, இயந்திரத் தடுப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கூரையில் சோலார் இருக்கிறது?

இ.பி. போனதும் இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே அனுப்புவதைத் தானாக நிறுத்த வேண்டும். நிறுத்துகிறதா என்று பொருத்தியவரையே வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சுவிட்ச் இறுக்கமாக இருக்கிறது, கிரீஸ் வைக்கலாமா?

தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், சொன்ன கிரீஸ் மட்டும். சைக்கிள் கடை எண்ணெய் வேண்டாம்.

வாடகை ஷெட். செலவு யாருடையது?

ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால், மோட்டார் யாருடையதோ அவர் காத்திருக்காமல் செய்துவிடுவது நல்லது.

தெரு ஏ.பி. சுவிட்சை அவசரத்துக்கு நாங்களே இறக்கலாமா?

கூடாது. தொடவே கூடாது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில், பகல் வெளிச்சத்தில், சாலையில் நின்றபடி மேலே பாருங்கள். மூன்று பிளேடும் ஒரே அளவுக்கு விலகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கி நின்றால் அங்கே வேலை செய்பவரிடம் உடனே குரல் கொடுங்கள். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாராகவும் பதிவு செய்யுங்கள்.