டவ்டெயில் கட்டருக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு?

லேத்தின் கிராஸ் ஸ்லைடு மேலே எழும்பாமல், பக்கவாட்டில் ஆடாமல், முன்னும் பின்னும் மட்டுமே நழுவுகிறதே, எப்படி? அடியில் ஒளிந்திருக்கும் சரிவான டவ்டெயில் பள்ளம்தான் காரணம்! அதை வெட்டுவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டிக் கட்டர்! வீட்டுப் பட்டறைக்கு ஒன்று வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

வெறும் 5 டிகிரி என்ன செய்யும், தெரியுமா? மெஷின்களில் 45, 55, 60 டிகிரிச் சரிவுகள் புழக்கத்தில் உண்டு. 55 டிகிரி ஸ்லைடுக்கு 60 டிகிரி கட்டரால் பள்ளம் வெட்டினால், 8 மி.மீ. ஆழத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி! ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் 0.19 மி.மீ.! பழைய பாகத்தின் கோணத்தை அளக்காமல் கடைப்படி ஏறவே கூடாது!

இனிதான் பெரிய ஆச்சரியம்! 20 மி.மீ. விட்டத்தில் 60 டிகிரி கட்டர் வாங்கினால் பல்லின் உயரம் பொதுவாக 8 மி.மீ. அதே விட்டத்தில் 45 டிகிரி கட்டருக்கோ வெறும் 5 மி.மீ.! ஏன் இந்த ஓரவஞ்சனை? கணக்குப் போட்டுப் பாருங்கள்! 60 டிகிரியில் 8 மி.மீ. உயரம் ஏறியபின், பல்லுக்கு மேலே குறுகும் கழுத்துக்கு மிஞ்சுவது சுமார் 10.8 மி.மீ. அதே உயரத்தை 45 டிகிரியில் கொடுத்தால்? 4 மி.மீ.தான்! கழுத்தின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆக, 50 மடங்குக்கும் மேல் தளர்ந்துபோகும்! கட்டர் பட்டென்று முறிவதும் பெரும்பாலும் இந்தக் கழுத்தில்தான்! அதனால் பள்ளத்துக்குள் போகக்கூடிய பெரிய விட்டத்தையே தேர்ந்தெடுங்கள். தேவைக்கு மேல் உயரம் வேண்டவே வேண்டாம்! நடுப்பகுதி முழுவதையும் முதலில் எண்ட் மில்லால் எடுத்துவிடுங்கள். எளிதில் முறியும் இந்தக் கட்டருக்குச் சரிவை மட்டும் மிச்சம் வையுங்கள்!

மெஷினில் பிடிக்கும் தண்டான ஷாங்க்கைப் பார்த்தீர்களா? இந்த 20 மி.மீ. கட்டருக்குப் பெரும்பாலும் 12 மி.மீ. ஷாங்க். அதைப் பற்றும் இ.ஆர்.16 கோலட் பிடிப்பதோ 10 மி.மீ. வரைதான்! இ.ஆர்.20 என்றால் கவலையில்லை, 13 மி.மீ. வரை பிடிக்கும்!

மரவேலை ரூட்டரின் டவ்டெயில் பிட்டில் 14 டிகிரி என்று போட்டிருக்கும், கவனித்ததுண்டா? அது செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தது! உலோகக் கட்டரின் கோணமோ அடித்தளத்திலிருந்து! ரூட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். 20 மி.மீ. எச்.எஸ்.எஸ். கட்டருக்கு மைல்டு ஸ்டீலில் 500 சுற்றே அதிகம்! அந்த பிட்டை இரும்பில் வைத்துவிடாதீர்கள், ஆபத்து!

கூரான உள்மூலையில் வெர்னியர் சரியாக உட்காராதே, பள்ளத்தை எப்படி அளப்பது? மூலைக்கு ஒன்றாக இரண்டு உருளைப் பின்களை வைத்தால் போதும்! 60 டிகிரிக்கு மந்திர எண் 2.732! அடி அகலம் 50 மி.மீ., பின்னின் விட்டம் 6 மி.மீ. என்றால், 6-ஐ 2.732-ஆல் பெருக்கி 50-இல் கழியுங்கள். பின்களுக்கு இடையே 33.61 மி.மீ. வந்தால் அளவு கச்சிதம்!

கட்டரையே வீட்டில் செய்யலாம், தெரியுமா? லேத் டூலில் போடும் முக்கோணக் கார்பைட் இன்சர்ட்டின் ஒவ்வொரு முனையும் 60 டிகிரி! ஒரு உருண்டைக் கம்பியின் நுனியில் சரியாகப் பொருத்தினால் 60 டிகிரி டவ்டெயில் கட்டர் தயார்! முனையில் 0.4 மி.மீ. போல வளைவு இருக்கும். உள்ளே நழுவும் பாகத்தின் கூர்விளிம்பை அதற்கேற்ப லேசாகச் சீவிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு முனை மழுங்கிவிட்டதா? திருப்பிப் போடுங்கள், இன்னும் இரண்டு முனை பாக்கி!