விலை வீழ்ச்சியும் ஐக்கிய நாணயச் சங்கங்களும்

1904-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், சென்னை மாகாணத்தின் முதல் கிராம ஐக்கிய நாணயச் சங்கம் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் ஏற்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டு வரையில் இச்சங்கங்களின் தொகை பெருகிவந்தது. அவற்றின் உண்மையான பலம் 1929-ல் தொடங்கிய உலக வியாபார மந்தத்தின்போதே வெளியாயிற்று.

நெல்லும் நிலக்கடலையும் சில வருஷங்களுக்குள் ஏறக்குறையப் பாதி விலைக்கு இறங்கின. பர்மா அரிசி மலிவாக வந்திறங்கியது தஞ்சாவூர்க் குடியானவர்களுக்கு மேலும் ஒரு கஷ்டமாயிற்று. விலை இறங்கினும் கடன் இறங்குவதில்லை. மூட்டை 8 ரூபாய் விற்கையில் ஒருவர் 80 ரூபாய் வாங்கினாரென்று கொள்க. அன்று அது 10 மூட்டை நெல். விலை 4 ரூபாயானபின் அதே அசலுக்கு 20 மூட்டை அளக்கவேண்டும்; வட்டியும் கிஸ்தியும் வேறு.

அக்காலக் கிராமச் சங்கங்களிற் பெரும்பாலானவை வரையறையற்ற பொறுப்புள்ளவையாயிருந்தன. அஃதாவது, சங்கம் கலைக்கப்பட்டு அதன் ஆஸ்தி போதாவிடில், கடனுக்கு ஒவ்வோர் அங்கத்தினரின் சொத்தும் ஈடாகும். அண்டை வீட்டார் செலுத்தாத பாக்கி தம் நிலத்தின்மேல் வந்து விழுமோ என்ற அச்சம் தோன்றியதும், ஒழுங்காகச் செலுத்திவந்தவர்களும் பின்வாங்கலாயினர். டெபாசிட்டுகளைத் திரும்பக் கேட்பதும் மிகுந்தது. பல சங்கங்கள் கலைக்கப்பட்டன.

நிலைத்து நின்றவை எவை? நிலமதிப்பை மட்டும் நம்பிக் கடன் கொடுத்த சங்கத்திற்கு, தானிய விலையோடு நிலவிலையும் விழுந்தமையால், ஏலம் போட்டும் கேட்பாரில்லை. மகசூலில் குடும்பச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டுச் சிறு தொகையாகக் கொடுத்த சங்கத்திற்கு அவ்வளவு சேதமில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஒரே கிராமத்தாராயிருந்தால் இக்கணக்கு எளிது. செலுத்த இயலாதவர் யார், இயன்றும் செலுத்தாதவர் யார் என்பது ஊரார் அறிந்ததே. முன்னவருக்குத் தவணை நீட்டி, களத்து மேட்டிலேயே பகுதித் தொகை வசூலித்து, பின்னவர்மேல் தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுப்பதே முறை. ஆனால் பஞ்சாயத்தாரே பெருந்தொகை பாக்கி வைத்திருந்த இடங்களில் இது நடவாத காரியம். தாம் செலுத்தாதவர் பிறர் வாசலில் போய் நின்று எவ்வாறு கேட்பார்? மந்தத்தினால் அழிந்ததாகச் சொல்லப்படும் சங்கங்களுள் சில, உண்மையில் இக்குறையினாலேயே அழிந்தவை.

லாபத்தை முழுதும் பங்கிடாமல் சேமநிதியில் சேர்த்து வைத்த சங்கங்கள், வராக் கடனை அதிலிருந்து ஈடுசெய்துகொண்டன.

வேறொரு குறையும் அப்போது தெளிவாயிற்று. பழங்கடன் தீர்க்க வாங்கிய தொகையை இரண்டொரு மகசூலில் அடைக்க இயலாது. இத்தகைய நெடுங்காலக் கடனுக்கு நில அடமான பாங்கிகளே தக்கவை. 1929-ல் சென்னையில் மத்திய நில அடமான பாங்கி ஏற்பட்டது. 1934-ம் வருஷத்துச் சட்டம் இப்பாங்கிகளுக்கு உறுதி அளித்தது. கிராமச் சங்கம் சாகுபடிக் கடனளவில் நின்றால் அதன் பணம் ஆண்டுதோறும் திரும்பும். விளைபொருளைக் கிடங்கில் வைத்து அதன்மேல் முன்பணம் கொடுக்கும் விற்பனைச் சங்கங்களும் பரவின. அறுவடையன்றே அடிமாட்டு விலைக்கு விற்கும் அவசியம் அதனால் குறைந்தது.

1942-க்குப் பின் யுத்தகாலத்தில் தானிய விலை ஏறவே, நெடுநாள் நின்ற பாக்கிகளும் வசூலாயின. அதற்குள் சங்கம் கலைந்துபோன கிராமங்களிலோ, பலருக்கு லேவாதேவிக்காரரே மீண்டும் கதியாயிருந்தார்.