ஒரு சீவல் சோப்பு, அரை லிட்டர் தண்ணீர்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்குப் போனால், முதுகுப் பையோடு நிற்கும் இளைஞர் கூட்டத்தைப் பார்க்கலாம். குக்கே சுப்ரமண்யா, சிக்கமகளூரு, மடிக்கேரி என்று பல ஊர்ப் பேருந்துகளில் ஏறுவார்கள். சனி, ஞாயிறு மலையில். திங்கட்கிழமை காலை பலர் நேராக அலுவலகம் போகிறார்கள். பையின் எடையைக் குறைப்பதில் அவர்கள் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. மழைச்சட்டையையும் தூங்கும் பையையும் கிராம் கணக்குப் பார்த்து வாங்குகிறார்கள். அதே பையில் டியோடரன்ட் கேன், ஃபேஸ்வாஷ், வெட் வைப்ஸ் பொட்டலம், சானிடைசர் எல்லாம் இருக்கும். சோப்பை மட்டும் காணோம்.

இரண்டு நாள் குளிக்காவிட்டால் வியர்வை நாறும், அவ்வளவுதான். மலைக்குப் போய்வந்தவர்களைப் படுக்கவைப்பது வேறு: வயிற்றுப்போக்கு, தொடை இடுக்கில் தோல் உரிதல், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், எப்போதாவது பூச்சிக்கடியால் வரும் காய்ச்சல். கையையும் காலையும் தோல் மடிப்புகளையும் கவனித்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதற்குத் தேவையான பொருள்கள் எல்லாம் சேர்ந்தும் கால் கிலோவைத் தாண்டாது.

கைதான் முதலில்

கொரோனாவுக்குப் பிறகு சானிடைசரே போதும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் உள்ள சானிடைசர், சளிக்காய்ச்சல் வைரஸ்களையும் பல பாக்டீரியாக்களையும் கொல்லும். வயிற்றைக் கலக்கும் நோரோ வைரஸ் அதற்கு எளிதில் அடங்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அடங்கவே அடங்காது. கையில் மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்திருந்தால் சானிடைசரின் வேலை இன்னும் பாதியாகிவிடும். சோப்பும் தண்ணீரும் கிருமியைக் கொல்ல முடியாத இடத்திலும் அதைத் தோலிலிருந்து கழற்றி இறக்கிவிடும்.

நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள், கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். கழுவும் பழக்கம் மிக நல்லது. ஆனால் அதன் மறுபாதி சோப்பு. வீட்டில் அது குழாயடியிலேயே இருப்பதால் நினைவில் நிற்பதில்லை. மலையில் அதை மறந்துவிட்டு வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு சப்பாத்தியை எடுக்கிறோம்.

முழு சோப்பைச் சுமக்க வேண்டாம். கத்தியால் ஒரு சீவல் சீவி எடுத்தால் 15 கிராம் இருக்கும்; இரண்டு நாளுக்குத் தாராளம். உதிரி பாட்டில் மூடி ஒன்றில் சூடான ஊசியால் நான்கைந்து துளை போட்டுவைத்தால் தண்ணீர் மெல்லிய தாரையாக விழும். ஒருவர் ஊற்ற, மற்றவர் 20 விநாடி தேய்த்துக் கழுவ 200 மில்லி போதும். கழிப்பிடம் போய்வந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்பு – இந்த இரண்டு நேரத்திலும் சோப்பு கட்டாயம். மற்ற நேரங்களுக்குச் சானிடைசர் இருக்கட்டும்.

இன்னொன்று: மிக்சர் பொட்டலத்துக்குள் பத்துப் பேர் மாறி மாறிக் கை விடுவதை நிறுத்துங்கள். ஒருவர் பொட்டலத்தைப் பிடித்து எல்லார் உள்ளங்கையிலும் கொட்டட்டும். குழுவில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் மறுநாள் ஐந்து பேருக்குச் சரியில்லாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

மலையில் விட்டது எங்கே போகிறது

1,712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதத்தில், 2024 ஜனவரியின் ஒரு வாரயிறுதியில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்ற படங்கள் எங்கும் பரவின. அதன்பிறகுதான் கர்நாடக வனத்துறை மலையேற்றத்துக்கு இணைய முன்பதிவைக் கட்டாயமாக்கியது. அத்தனை பேரும் எங்கே ஒதுங்கியிருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மலைத்தொடரில் பிறப்பதுதான் குமாரதாரா. குக்கே கோயிலுக்கு வரும் பக்தர்கள் அதில் முழுக்குப் போடுகிறார்கள். உப்பினங்கடியில் அது நேத்ராவதியோடு கலக்கிறது; நேத்ராவதியில் தும்பே அணையிலிருந்துதான் மங்களூருக்குக் குடிநீர். குடகு மலைகளுக்குப் போனால் கதை இன்னும் நெருங்கிவருகிறது. அந்தச் சரிவுகளின் ஓடைகள் பல காவிரியில் சேர்கின்றன. தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் ஏறி வரும் காவிரிதான் பெங்களூருவின் குடிநீர். எஞ்சியது மேட்டூருக்கு வருகிறது. சுத்திகரிப்பு நிலையம் நகரத்தாரைக் காப்பாற்றும். ஓடையிலிருந்து நேராக மொண்டு குடிக்கும் மலையடிவாரக் குடும்பத்தைக் காப்பாற்ற அப்படி எதுவும் கிடையாது.

ஆகவே ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர், அதாவது எழுபது எண்பது எட்டு, தள்ளிப் போங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குழி தோண்டி, முடித்ததும் மண்ணால் மூடுங்கள். மேல்மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரையும் ஓடையில் விடக் கூடாது. ‘மக்கும் சோப்பு’ என்று உறையில் எழுதியிருந்தாலும் அது மக்குவதற்கு மண் வேண்டும். ஓடும் நீரில் மீனுக்கும் தவளைக்கும் அது கேடுதான். வெட் வைப்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையால் ஆனது. அதைப் புதைத்தால் அப்படியே கிடக்கும். போகும்போதும் ஈரச் சுமை, திரும்பும்போதும் ஈரச் சுமை. என்னைக் கேட்டால் அது பையில் இருக்கவே வேண்டாம்.

குடிக்கும் நீர் தெளிவாக இருந்தாலும் நம்ப வேண்டாம். மேலே மாடு, காட்டெருமை, மனிதர் எல்லாரும் இருக்கிறார்கள். காட்டுக்குள் தீ மூட்டத் தடை இருப்பதால் கொதிக்கவைப்பது நடக்காது. துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருப்பது எடையே இல்லாத வழி.

ஒரு லிட்டர் குளியல்

2024 மார்ச்சில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காகக் குடியிருப்புகள் காத்துக் கிடந்தன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அரை வாளியில் குளிக்க அந்தக் கோடை பலருக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்தை மலையில் இன்னும் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

கனமான டர்க்கி டவலை வீட்டில் விட்டுவிட்டு ஈரிழைத் துண்டைப் பாதியாகக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம்கூட வராது, பையின் மேல் கட்டினால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். மாலையில் நடை முடிந்ததும் ஒரு லிட்டர் நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, அக்குள், கடைசியில் தொடை இடுக்கு, பாதம் என்ற வரிசையில் துடையுங்கள். வரிசை மாறக் கூடாது. சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குத்தான் போக வேண்டும். வியர்வை காய்ந்து படியும் உப்புதான் தோலை அராவுகிறது. அதைத் துடைத்தெடுத்து, உரசும் இடங்களில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் மறுநாள் நடை சுகமாக இருக்கும். ஜீன்ஸ் போட்டு மலையேறுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். நனைந்த ஜீன்ஸைவிடத் தொடைக்குப் பகை வேறில்லை.

அரிப்போடு வட்டமாகச் சிவந்தால் அது படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டதும் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூசாதீர்கள். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை பரவி மாதக்கணக்கில் படுத்தும். தோல் மருத்துவரிடம் போங்கள்.

பல் துலக்க ஒரு பட்டாணி அளவு பற்பசை போதும். ஓடையிலிருந்து தள்ளிப் போய்த் துப்புங்கள்.

ஈரக் கால்

கர்நாடக மலைநாட்டின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மலைநாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடந்தால் ஷூவுக்குள் தண்ணீர் புகாமல் காப்பது முடியாத காரியம். ஆனால் இரவிலாவது கால் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு ஜோடி காலுறை நடைக்கு. மூன்றாவது ஜோடி தூங்க மட்டும், அதைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி பையின் அடியில் வையுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷூவைக் கழற்றி, விரல் இடுக்குகளைத் துடைத்துப் பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். இரவிலும் அப்படியே. தோல் வெளுத்துச் சுருங்கி மரத்துப்போனால் அதற்கு மேல் நடக்காமல் காயவிடுவதே சிகிச்சை.

பெண்களுக்காக, ஆண்களும் படிக்க

வழியில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் நீர் குறைவதும் சிறுநீர்த் தொற்றுக்கு நேர்வழி. இதைச் சரிசெய்வது குழுவை நடத்துகிறவரின் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, ஆண்கள் முன்னே நடக்க, பெண்கள் பின்தங்கி வரட்டும் என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சப்படும் பெண் கேட்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது.

மாதவிடாய் நாளில் மலையேறத் தடை ஏதும் இல்லை. நாப்கினில் பிளாஸ்டிக் இருப்பதால் புதைக்காமல் செய்தித்தாளில் சுற்றி, இறுக மூடும் உறையில் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். மாதவிடாய்க் கோப்பை எடையும் குறைவு, குப்பையும் இல்லை. கர்நாடக அரசே ‘மைத்ரி’ என்ற பெயரில் தட்சிண கன்னட, சாமராஜநகர் மாவட்டங்களில் மாணவிகளுக்கு அதை வழங்கியிருக்கிறது. 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவக் குடிநீரையே பயன்படுத்த வேண்டும். முதல்முறை பழகுவதை மட்டும் மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டுப் போங்கள்.

அட்டையும் உண்ணியும்

அட்டை கடித்தால் எல்லாரும் அலறுகிறார்கள். அதனால் பெரிய ஆபத்து இல்லை. உப்புப் போடுவதும் தீக்குச்சி வைப்பதும் தவறு; அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். நகத்தால் வாய்ப்பகுதியை நெம்பி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் சிறிது நேரம் ரத்தம் கசியும். பயப்பட வேண்டாம், சொறியவும் வேண்டாம்.

பயப்பட வேண்டியது, கண்ணுக்கே சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சுக்கு. 1957இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட நோய் இன்றும் மலைநாட்டில் ஆண்டுதோறும் தலைகாட்டுகிறது. குரங்குக் காய்ச்சல் என்கிறோம். ஊர் மக்கள் ‘மங்கன காயிலெ’ என்பார்கள். நோய் தொற்றியவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். தனி மருந்து கிடையாது. டிசம்பர் முதல் மே வரை அதன் காலம். மலையேற இதமான மாதங்களும் அவைதாம். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், பூச்சி விரட்டி பூசுங்கள், சருகு மேல் உட்காராதீர்கள், செத்த குரங்கின் அருகே போகாதீர்கள். மாலைத் துடைப்புக் குளியலின்போது முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்தெடுங்கள்.

வீடு திரும்பியதும் நடந்த உடுப்பைத் தனியாகச் சுடுநீரில் துவையுங்கள். குரங்குக் காய்ச்சல் பெரும்பாலும் எட்டு நாளுக்குள் வெளிப்படும். சருகுப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸுக்கு மூன்று வாரம்வரை ஆகலாம். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு தெரிந்தால் அதுவாக இருக்கக்கூடும், டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தில் குணமாகிவிடும். பெங்களூருவில் காய்ச்சல் என்று போனால் மருத்துவர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். எந்த மலை, எந்தத் தேதி, உண்ணி கடித்ததா, குரங்கு செத்துக் கிடந்ததா என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். அதுவரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதையும் தொடாதீர்கள். ரத்தக்கசிவு வரக்கூடிய காய்ச்சலில் அவை நிலைமையை மோசமாக்கும்.